அடியின் இரு முனைகள்

திருமானூர் ஒன்றியத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. பங்குனி மாதம் அங்கே நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் திருக்கல்யாணம் நடக்கும். ஆற்றுக்குத் தெற்கே திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். இந்த விழாவைப் பற்றி இரு கரைகளிலும் ஒரு சொலவடை உண்டு: நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம். வரன் தள்ளிப் போகிறவர்கள் இந்தக் கல்யாணத்தைப் பார்த்தால் சீக்கிரம் மணம் கூடும் என்பது நம்பிக்கை.

நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். இந்தச் சொலவடை ஏன் மறக்காமல் நிற்கிறது என்று பார்ப்போம். இதில் இரண்டு பாதிகள் உள்ளன. முதல் பாதி 'நந்தி' என்று தொடங்குகிறது, இரண்டாம் பாதி 'முந்தி' என்று தொடங்குகிறது. இரண்டும் ஒலியால் ஒத்திருக்கின்றன, பொருளால் வேறுபடுகின்றன. அடுத்து வரும் 'கல்யாணம்' இரண்டு பாதியிலும் அப்படியே வருகிறது. அதாவது முன்னால் வரும் சொல் பாதி மாறுகிறது, பின்னால் வரும் சொல் மாறவே இல்லை. யார் கட்டியது என்று தெரியாத இந்த ஒற்றை வரியிலேயே தமிழ்ச் செய்யுளின் அடிப்படையான ஓர் ஏற்பாடு இருக்கிறது.

பள்ளியில் இதைப் படிக்காதவர்கள் குறைவு. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்வார்கள். எதுகை, மோனைச் சொற்களை எடுத்தெழுதச் சொல்வார்கள். மாணவர்களும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அலகிடுவது ஒரு கேள்வி, எதுகை எடுப்பது இன்னொரு கேள்வி, பாட்டின் பொருள் மூன்றாவது கேள்வி என்று தாளில் தனித்தனியாக நிற்பதால், இவை மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை என்பது மனத்தில் பதிவதில்லை. அந்தத் தொடர்பைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஓசையின் அளவு. யாப்பு நூல்கள் செய்யுளுக்கு ஆறு உறுப்புகள் சொல்கின்றன: எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. எழுத்துகள் சேர்ந்து அசை ஆகும். அசைகள் சேர்ந்து சீர். ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை தளை. சீர்கள் சேர்ந்து அடி. அடிகளையும் சீர்களையும் ஒலியால் இணைப்பது தொடை.

அசை இரண்டே வகை. குறிலோ நெடிலோ தனியாக வந்தால், அல்லது ஒற்றெழுத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தால், அது நேரசை. இரண்டு குறில்கள் சேர்ந்து வந்தாலோ, ஒரு குறிலை அடுத்து நெடில் வந்தாலோ அது நிரையசை. இங்கும் பின்னால் ஒற்று வரலாம். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு எழுத்துகள் சேர வேண்டுமானால் முதலாவது குறிலாக இருக்க வேண்டும்.

பக்கத்து ஊர்ப் பெயர்களையும் விளைபொருள்களையும் எடுத்துப் பிரித்தாலே இது கைவந்துவிடும். வாழை: வா, ழை. இரண்டும் நேர். கரும்பு: கரும், பு. நிரை, நேர். முந்திரி: முந், திரி. நேர், நிரை. அரியலூர்: அரி, யலூர். இரண்டும் நிரை. இரண்டு அசைகள் சேரக்கூடிய நான்கு வழிகளும் இதோடு முடிந்துவிட்டன. இலக்கணம் இந்த நான்குக்கும் பெயர் வைத்திருக்கிறது: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். இவற்றுக்குத்தான் வாய்பாடு என்று பெயர். வாய்பாட்டுச் சொல்லே தான் குறிக்கும் ஓசையைத் தன்னுள் வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தே, மா என்று பிரித்தால் நேர் நேர். கூ, விளம் என்று பிரித்தால் நேர் நிரை. தனியாக மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

மூன்றாவதாக ஒரு நேரசை சேர்ந்தால் வாய்பாட்டின் கடைசியில் 'காய்' வரும், நிரையசை சேர்ந்தால் 'கனி' வரும். திருமானூர் என்ற பெயரைத் திரு, மா, னூர் என்று பிரிக்கலாம். நிரை நேர் நேர், ஆகவே புளிமாங்காய். மழபாடியும் அதே புளிமாங்காய்தான். முன்னால் 'திரு' சேர்த்துத் திருமழபாடி என்றால் நான்கு அசை ஆகிவிடும். நான்கு அசைச் சீர் செய்யுளில் அரிது. தேவாரத்தில் இந்த ஊர் மழபாடியாகவே வருகிறது என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம்.

இப்போது முதலில் பார்த்த சொலவடையை அசை பிரித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. நந், தி, கல், யா, ணம் என ஐந்து அசை. பார்த், தால் என இரண்டு. முந், திக், கல், யா, ணம் என மீண்டும் ஐந்து. பன்னிரண்டும் நேரசை, ஒரு நிரைகூட இல்லை. நடுவில் இரண்டு, இருபுறமும் ஐந்தைந்து. வாய்மொழியில் உருண்டு உருண்டு இந்த வடிவத்துக்கு வந்திருக்கிறது.

அடுத்தது தளை. இதை விளக்குவதற்காகவே இரண்டடி ஒன்றை இங்கே கட்டிக்கொள்வோம். குறள் வெண்பாவின் அளவு இது: முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று.

கொள்ளிடம் வந்தால் குளிரும் நிலமெல்லாம்
அள்ளிக் கொடுக்கும் கரும்பு.

வெண்பாவுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. மாவில் முடியும் சீருக்குப் பின் நிரையில் தொடங்கும் சீர் வர வேண்டும். விளத்தில் முடிந்தாலும் காயில் முடிந்தாலும் பின்னே வரும் சீர் நேரில் தொடங்க வேண்டும். கொள்ளிடம் என்பது கூவிளம். அடுத்த சீர் 'வந்தால்' நேரில் தொடங்குகிறது, சரி. வந்தால் தேமா, அடுத்த 'குளிரும்' நிரையில் தொடங்குகிறது, சரி. இப்படியே ஏழு சீரும் போகின்றன. கடைசிச் சீருக்கென்று வெண்பாவில் நாள், மலர், காசு, பிறப்பு என நான்கு வாய்பாடுகள் தனியே உண்டு. 'கரும்பு' பிறப்பு என்ற வாய்பாட்டில் அடங்குகிறது.

'வந்தால்' என்பதை எடுத்துவிட்டுப் 'பெருகினால்' என்று போட்டுப் பாருங்கள். பொருள் கெடவில்லை, சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கொள்ளிடம் என்ற விளச்சீருக்குப் பின் நிரை வந்துவிட்டது. பெருகினால் கருவிளம், அதற்குப் பின்னும் நிரை வருகிறது. இரண்டு இடத்தில் தளை தட்டுகிறது. வாய்விட்டுப் படித்தால் வெண்பாவின் நடை அங்கே தடுமாறுவது காதுக்கே தெரியும்.

தளை ஓசையைக் கட்டுகிறது. தொடை ஒலிகளைக் கோக்கிறது. தொடையில் நமக்கு இங்கே மூன்று போதும். மோனை என்பது முதல் எழுத்து ஒன்றிவருவது. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. இயைபு என்பது அடியின் இறுதி ஒன்றிவருவது.

எதுகைக்கு ஒரு துணை விதி உண்டு, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் போதாது, முதல் எழுத்து அளவிலும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கொள்ளிடம், அள்ளி இரண்டிலும் முதல் எழுத்து குறில், இரண்டாம் எழுத்து ள். ஆகவே எதுகை. மோனைக்கும் ஒரு நெகிழ்வு உண்டு. அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை, இனமான எழுத்தும் வரலாம். உ, ஊ, ஒ, ஓ நான்கும் ஒரு குடும்பம். அதனால் 'கொள்ளிடம்', 'குளிரும்' இரண்டுக்கும் மோனை உண்டு. மெய்களில் ம-வுக்கு வ இனம், ந-வுக்கு ஞ இனம், ச-வுக்குத் த இனம். இந்த ம-வ உறவைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது கொள்ளிடத்தின் இடத்தில் காவிரியை வைத்துப் பார்ப்போம். காவிரியும் கூவிளம்தான், அசையும் தளையும் இம்மியும் மாறவில்லை. ஆனால் 'அள்ளி'யோடு எதுகை போய்விட்டது. 'குளிரும்' என்பதோடு மோனையும் போய்விட்டது. எதுகையை மீட்க வேண்டுமானால் இரண்டாம் அடியை 'மேவி' என்று தொடங்கலாம்:

காவிரி வந்தால் குளிரும் நிலமெல்லாம்
மேவிக் கொடுக்கும் கரும்பு.

விதி எதுவும் மீறப்படவில்லை. ஆனால் 'மேவி' இங்கே என்ன செய்கிறது? பொருந்தி, சேர்ந்து என்று ஏதோ ஒரு பொருள் சொல்லலாம். அந்தச் சொல் இல்லாவிட்டாலும் எதுவும் குறையாது. 'அள்ளி' அப்படி அல்ல. அது எதுகையையும் கொடுத்தது, கை நிறைய எடுத்துக் கொடுக்கும் தாராளத்தையும் கொடுத்தது. ஒரே இடத்தில் இரண்டு வேலை. செய்யுளை ஆராய்கிறவர் எதுகைச் சொல்லைக் கண்டுபிடித்ததோடு நின்றுவிடாமல் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தச் சொல் ஒலிக்காக மட்டும் வந்ததா, பொருளுக்கும் உழைக்கிறதா?

இந்தக் கேள்வியோடு திருமழபாடிக்குப் போவோம். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய ஊர் அது. ஏழாம் திருமுறையில் 24-ஆவது பதிகம் சுந்தரர் அங்கே பாடியது. பண் நட்டராகம். பத்துப் பாட்டு, பாட்டுக்கு நான்கு அடி, அடிக்கு நான்கு சீர். தமிழ்நாட்டில் தேவாரம் ஓதும் பழக்கமுள்ள வீடுகளில் இந்தப் பதிகம் தெரியாத வீடு அரிது. கையில் திருமுறைப் புத்தகம் இருப்பவர்கள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது.

முதல் பாட்டின் நான்கு அடிகளையும் அசை பிரித்துப் பாருங்கள். நான்கிலும் முதல் சீர் தேமா, இரண்டே நேரசை. இரண்டாவது சீர் நான்கிலும் நேர் நிரை நேர், அதாவது கூவிளங்காய். 'கொள்ளிடமே' என்று ஆற்றைக் கூப்பிட்டால் கிடைக்கும் ஓசை அது. சிறிய சீர் ஒன்று நிற்க, அதை அடுத்து நீண்ட சீர் விரிகிறது. ஓதும்போது அந்தச் சிறிய சீரில் குரல் சற்றே ஊன்றி, பிறகு நீள்கிறது. பதிகத்தின் பெரும்பாலான அடிகளும் இப்படித்தான் தொடங்குகின்றன.

எதுகை விழுவதும் அந்தச் சிறிய சீரில்தான். முதல் பாட்டில் நான்கு அடிகளும் 'ன்ன' என்ற ஒலியோடு தொடங்குகின்றன, முதல் எழுத்து நான்கிலும் குறில். இரண்டாம் பாட்டில் ள-கரம், அங்கே முதல் எழுத்து நான்கிலும் நெடில். நான்காம் பாட்டில் 'ண்ட', ஐந்தாவதில் 'ண்ண'. குரல் ஊன்றும் இடமும் ஒலி ஒன்றும் இடமும் ஒன்றாக இருப்பதால், அடி மாறியது என்பதைக் கண்ணால் பார்க்காமலே காது கண்டுகொள்கிறது. அச்சுப் புத்தகம் இல்லாத காலத்தில் இது சிறிய உதவி அல்ல.

இனி அடியின் மறுமுனைக்கு வருவோம். முதல் ஒன்பது பாட்டுகளிலும் மூன்றாம் அடியின் பிற்பாதி மாறாமல் வருகிறது. மழபாடியில் இருக்கும் மாணிக்கம் என்று இறைவனை விளிக்கும் பகுதி அது. நான்காம் அடியிலும் முதல் சீரைத் தவிர மற்றவை கிட்டத்தட்ட அப்படியே திரும்ப வருகின்றன. உன்னை விட்டால் இனி வேறு யாரை நினைப்பேன் என்ற கேள்வி அது. பாட்டுதோறும் மாறாமல் வந்து முடித்துவைக்கும் இத்தகைய பகுதியை மகுடம் என்பார்கள்.

இங்கேதான் பாட்டின் உள்வேலை தெரிகிறது. மூன்றாம் அடியின் பிற்பாதி நிலையானது. அதில் உள்ள இரண்டு சீர்களும் ம-வில் தொடங்குகின்றன. ஆகவே அந்த அடியின் முதல் சீரும் ம-வில், அல்லது அதற்கு இனமான வ-வில் தொடங்கினால்தான் மோனை அமையும். முதல் பாட்டின் மூன்றாம் அடியில் நான்கு சீருமே ம-வில் தொடங்குகின்றன. அடி முழுதும் இப்படி அமைவதற்கு முற்றுமோனை என்று பெயர். இரண்டாம் பாட்டிலும் நான்காம் பாட்டிலும் முதல் சீர் வ-வில் தொடங்குகிறது. மற்றவற்றில் ம. ஆக, மூன்றாம் அடியைத் தொடங்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரே நேரத்தில் மூன்று நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். முதல் எழுத்து ம அல்லது வ. இரண்டாம் எழுத்து அந்தப் பாட்டின் எதுகை எழுத்து. அளவு ஒரு சிறிய சீர். இத்தனைக்கும் நடுவில் அந்தச் சொல் பொருளோடு இருக்க வேண்டும்.

மாறாத பகுதி சும்மா திரும்பி வருவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். அது முன்னால் வரும் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. ஓர் அடியின் கடைசி, அதன் தொடக்கத்தைத் தீர்மானிக்கிறது.

நான்காம் அடி இன்னும் நுட்பமானது. அங்கே மாறக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, முதல் சீர். எதுகையை முடித்துவைக்க வேண்டிய பொறுப்பும் அதற்குத்தான். அந்த இடத்தில் சுந்தரர் ஒவ்வொரு முறையும் ஒரு விளியை வைக்கிறார். ஒரு பாட்டில் தாய் என்கிறார். ஒரு பாட்டில் உறவு என்கிறார். பிறகு தலைவன் என்றும் ஐயன் என்றும் அறிவு என்றும் அழைக்கிறார். எதுகை எழுத்து மாற மாற உறவின் பெயர் மாறுகிறது. கேள்வி மட்டும் மாறுவதில்லை. முன்பு 'அள்ளி', 'மேவி' என்று பார்த்த அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். எதுகைக்காக ஒரு சொல் தேவைப்பட்ட இடம் ஒவ்வொன்றிலும் அவர் எனக்கு யார் என்ற பதில் வந்து அமர்ந்திருக்கிறது. யாப்பு கேட்ட சொல்லும் பக்தி கேட்ட சொல்லும் ஒன்றாகவே இருக்கின்றன. இந்தப் பதிகத்தின் உயிர் இந்தச் சிறிய சீரில் இருக்கிறது என்று சொல்வேன்.

பத்தாம் பாட்டில் மகுடம் இல்லை. அங்கே ஆரூரன் என்று தம் பெயரைச் சொல்லி, இதை ஓதுவோர்க்குக் கிடைக்கும் பயனைச் சொல்லிப் பதிகத்தை முடிக்கிறார். ஒன்பது முறை கேட்டுப் பழகிய கேள்வி வராமல் போவதே பதிகம் முடிந்தது என்பதற்கு அடையாளம்.

சேக்கிழாரின் பெரியபுராணம் இந்தப் பதிகத்துக்கு ஒரு பின்னணி சொல்கிறது. சுந்தரர் திருவாலம்பொழிலில் தங்கியிருந்த இரவில் இறைவன் கனவில் தோன்றி, மழபாடிக்கு வர நினைக்க மறந்தாயோ என்று கேட்டார். அவர் ஆற்றைக் கடந்து வந்து பாடினார். சேக்கிழார் சுந்தரருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர், அதனால் இதைப் பதிகத்தின் நேரடிச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அந்தக் கதையையும் மகுடத்தையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரிகிறது. நினைக்க மறந்தாயோ என்பது கனவின் கேள்வி. வேறு யாரை நினைப்பேன் என்பது பாட்டின் கேள்வி. சேக்கிழார் மகுடத்தை எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார் என்பதற்காவது இது சான்று.

திரும்ப வருதல் எல்லாம் ஒரே வகை அல்ல. இதே மழபாடியைப் பற்றி ஆறாம் திருமுறையில் அப்பர் பாடிய தாண்டகம் ஒன்றில் அடிகள்தோறும் இறுதியில் ஒரே சிறு சொல் வருகிறது. இவன் இப்படிப்பட்டவன், பார் என்று சுட்டுகிற சொல் அது. பாட்டின் கடைசியில் மட்டும் வேறு முடிவு. சுந்தரரிடம் திரும்ப வருவது நீண்ட கேள்வி, பாட்டுக்கு ஒரு முறை. அப்பரிடம் அது குறுஞ்சொல், அடிக்கு அடி. முன்னது மனத்தைத் திரும்பத் திரும்ப ஓர் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பின்னது அடுக்கிக்கொண்டே போகிறது.

அந்தாதி மூன்றாவது வகை. ஒரு பாட்டின் இறுதிச் சொல்லோ அசையோ எழுத்தோ அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும். இங்கே திரும்ப வருவது பாட்டுகளைச் சங்கிலியாகக் கோக்கிறது. கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தோடு சேர்ந்து வளையமாக முடிந்தால் அதை மண்டலித்தல் என்பார்கள்.

அந்தாதி பற்றிப் பேசும்போது இதே ஒன்றியத்து ஏலாக்குறிச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. இத்தாலியில் 1680-இல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, தமிழ் கற்று, 1747-இல் மறைந்த வீரமாமுனிவர் அங்கே அடைக்கல மாதா ஆலயத்தில் தங்கிப் பணியாற்றினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுத் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். பலவகைப் பாக்கள் கலந்து, அந்தாதியாகத் தொடுத்து வருவது கலம்பகம். ஏலாக்குறிச்சியை அசை பிரித்தால் ஏ, லாக், குறிச், சி என நான்கு அசை வருகிறது, ஒரு சீரில் எளிதாக அடங்காது. காவலூர் என்றால் கூவிளம், எந்தப் பாவிலும் எளிதாக அமரும். அவர் பெயரிட்ட காரணம் இது என்று சொல்ல வரவில்லை. அடைக்கலம் தரும் அன்னையின் ஊர் என்ற பொருளே போதுமான காரணம். ஆனால் பாடுகிறவருக்கு இந்தப் பெயர் வசதியாக இருந்திருக்கும்.

வேறு மொழியில் பிறந்து வளர்ந்த ஒருவர் தமிழ் யாப்பை எப்படிக் கற்றார் என்பதற்கு அவருடைய நூல்களே விளக்கம். 1730-இல் தொன்னூல் விளக்கம் எழுதினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்திலக்கணமும் சொல்லும் நூல் அது. 1732-இல் சதுரகராதி தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என அதற்கு நான்கு பகுதிகள். நான்காவதான தொடையகராதிதான் நம் பேச்சுக்கு உரியது. எதுகைக்கு உதவும்படி சொற்களைத் தொகுத்துத் தருவது அது. செய்யுள் கட்டுகிறவர் 'ள்ள' என்ற எதுகையில் சிக்கிக்கொண்டால் அங்கே போய்த் தேடலாம். பொருளைத் தேடுவதற்கு ஒரு பகுதி, ஒலியைத் தேடுவதற்கு ஒரு பகுதி என்று ஓர் அகராதியை அவர் பிரித்திருப்பதே, தமிழில் கவி பாடுவது எத்தகைய வேலை என்பதை அவர் உள்ளிருந்து உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது. குறில் நெடில் தெரியாமல் அசை பிரிக்க முடியாது. எ, ஏ என்பவற்றையும் ஒ, ஓ என்பவற்றையும் எழுத்தில் தெளிவாக வேறுபடுத்திய சீர்திருத்தமும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது.

எதுகையை அடியின் தொடக்கத்தில் வைப்பது தமிழுக்கு மட்டும் உரியது அல்ல. தெலுங்கிலும் கன்னடத்திலும் அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும், அதைப் பிராசம் என்பார்கள். ஆனால் உலகில் பல மொழிகளில் ஒலி ஒன்றுவது அடியின் முடிவில்தான். உருது கசலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ரதீஃப் என்ற மாறாத சொல் ஈரடியின் கடைசியில் வரும், அதற்குச் சற்று முன்பே காஃபியா என்ற ஒலி ஒன்றல் வரும். மாறுவதும் மாறாததும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே முனையில் இருக்கின்றன. கேட்பவர் முடிவை நோக்கிக் காத்திருக்கிறார். சுந்தரர் பதிகத்தில் இவை இரண்டும் அடியின் எதிரெதிர் முனைகளில் நிற்கின்றன. முன்னால் புதியது வரும் என்றும் பின்னால் பழகியது வரும் என்றும் காது எதிர்பார்க்கிறது. ஓதுவார் முதல் சீரைச் சொன்னதும் உடனிருப்பவர்கள் மீதியைச் சேர்ந்து சொல்லிவிட முடியும். இரண்டு ஏற்பாடுகளும் தம்தம் வழியில் செம்மையானவை. ஒன்றின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மற்றொன்றைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆங்கிலப் பாட்டின் பழக்கத்தில் அடியின் இறுதியை மட்டும் பார்க்கும் மாணவருக்குத் தேவாரத்தில் ஒலி நயமே இல்லை என்று தோன்றிவிடும். தேட வேண்டிய இடம் இடப்பக்கம்.

ஒரு பாட்டை ஆராயும்போது எந்த வரிசையில் போவது என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. வாய்விட்டுப் படிப்பதே முதல் வேலை. பிறகு மாறாமல் வரும் பகுதியைக் கோடிட்டுக்கொள்வது எளிது, அது கண்ணுக்கே தெரியும். அதன் பிறகு மாறும் சொற்களைத் தனியே ஒரு பத்தியாக எழுதினால் பாதி விளக்கம் கிடைத்துவிடும். அசை பிரிப்பதை அதற்குப் பின் வைத்துக்கொண்டால், எதற்காகப் பிரிக்கிறோம் என்பது மாணவருக்குத் தெரிந்திருக்கும். கடைசியாக, ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே அளவுள்ள வேறு சொல்லை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். கொள்ளிடத்தைக் காவிரியாக்கிப் பார்த்தது போல. எது இடிந்து விழுகிறது, எது நிற்கிறது என்பதைப் பார்த்தால் எந்தச் சொல் எதைத் தாங்கியது என்று புரியும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. சுந்தரருக்கு முதலில் தோன்றியது தாய் என்ற எண்ணமா, 'ன்ன' என்ற எதுகையா என்று அசை பிரித்துக் கண்டுபிடிக்க முடியாது. அலகிடுதல் பாட்டு எப்படி நிற்கிறது என்பதைக் காட்டும், எப்படிப் பிறந்தது என்பதைக் காட்டாது. அந்த எல்லைக்குள் இருந்தே பார்த்தாலும், ஒன்பது பாட்டுகளின் நான்காம் அடியில் வரும் முதல் சீர்களை மட்டும் வரிசையாக எழுதி வாசிக்கலாம். இலக்கணம் படிக்காதவருக்கும் அந்தப் பட்டியல் பேசும். எதுகை எடுத்தெழுதும் மாணவர் அந்தப் பட்டியலைத்தான் தம் விடைத்தாளில் எழுதிவைத்திருப்பார். அதை இன்னொரு முறை வாசித்துப் பார்க்க வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.